மூணாம் குழாய் இறங்கிடுச்சு

டேப்பக்காவிடம் "வீட்டுக்காரர் எப்படி இருக்கார்" என்று கேட்டால், "நூத்தி நாப்பதுக்குத் தொண்ணூறு" என்பார். "பஸ் எப்ப வரும்" என்றால், "பன்னெண்டு நிமிஷம்." மகளுக்குக் குழந்தை பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வேலைக்கு வந்த அன்று அலுவலகமே சுற்றி நின்றுகொண்டு "என்ன குழந்தைக்கா" என்று கேட்டது. "ரெண்டு எண்ணூத்தி அம்பது" என்றார். கிலோ. ஆணா பெண்ணா என்று தெரிந்துகொள்ள நாங்கள் இன்னும் இரண்டு கேள்வி கேட்க வேண்டியிருந்தது.

இப்படி எண்ணாகவே பேசி வாழ்ந்த மனுஷி, பத்தொன்பது வருஷ வேலையில் ஒரே ஒரு நாள், ஒரே ஒரு வார்த்தை கூடுதலாகச் சொன்னார். அதைப் போனில் வாங்கித் துண்டுச்சீட்டில் எழுதியவன் நான். அன்று வாங்கிய அடி இன்னும் உடம்பை விட்டுப் போகவில்லை. யாராவது சாதாரணமாகக் கூப்பிட்டால்கூடத் தூக்கிவாரிப் போடுகிறது. அதனால் இதைக் கொஞ்சம் முன்னே பின்னேதான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் வேலை பார்ப்பது பூமியைக் கண்காணிக்கும் துறையின் கிளை அலுவலகம். பெயரைக் கேட்டுவிட்டு ஏதோ பெரிய கட்டடம் என்று நினைத்துவிடாதீர்கள். மூன்று அறை. முதல் அறையில் நிலநடுக்கத்தைப் பதிவு செய்யும் கருவி. வாசலில் லாரி போனால்கூடத் துடிக்கும், ஆகவே அதை யாரும் மதிப்பதில்லை. இரண்டாவது அறையில் நானும் என் பதிவேடுகளும் ஒரு போனும். மூன்றாவதில் ஆபீசர். நில அதிர்வு, நிலத்தடி நீர், எந்த மண்ணுக்குள் என்ன தாது என்று தலைமை அலுவலகம் ஆயிரம் கணக்கு வைத்திருக்கும். எங்களுக்கு இருந்த தலைவலி ஒன்றே ஒன்று. ஊருக்குப் பின்னால் இருந்த குன்று.

அந்தக் குன்று வெறும் மண். அடியில் வழுக்குப் பாறை. மண்ணுக்குள் தண்ணீர் ஏறி ஊறிவிட்டால் மேல் மண் அப்படியே வழுக்கிக்கொண்டு கீழே வந்துவிடும். கீழே ஒரு தெரு. பதினோரு வீடு, முப்பத்து நான்கு பேர். மூன்றாவது வீடு, நீலக் கதவு, என் தங்கச்சியுடையது. அவள் புருஷன் தொலைதூர லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். அவளும் இரண்டு பிள்ளைகளும்தான். வீடு பார்க்கப் போனபோது "குன்றடியில வேண்டாம்மா" என்று சொன்னேன். "நீதான் அந்த ஆபீஸ்ல இருக்கியே அண்ணா, உனக்குத் தெரியாம குன்று வந்துடுமா" என்று சிரித்தாள். எனக்கு அன்று பெருமையாகத்தான் இருந்தது.

குன்றின் மேல் ஆறு இடத்தில் துளை போட்டுக் குழாய் இறக்கியிருந்தோம். வாரத்துக்கு இரண்டு நாள், மழைக்காலத்தில் தினமும், அக்கா மேலே ஏறிப் போய் ஒவ்வொரு குழாயிலும் டேப்பை விடுவார். டேப்பக்கா என்ற பெயர் வந்ததே அதனால்தான். சாதாரண டேப்பு இல்லை. நுனியில் பித்தளைக் குண்டு, தண்ணீரைத் தொட்டதும் 'பீப்' என்று கத்தும். கத்திய இடத்தில் குழாயின் வாயருகே டேப்பு என்ன காட்டுகிறதோ அதுதான் அளவு. தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்ற கணக்கு. தானாகவே அளக்கிற மிஷின் ஒன்றும் வந்தது. முதல் இடியிலேயே கருகிவிட்டது. ரிப்பேருக்கு லெட்டர் போயிருக்கிறது. இந்த வாக்கியத்தை நான் பதினாலு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இங்கே ஒரு வில்லங்கம் இருக்கிறது, கவனமாகக் கேளுங்கள். கிணற்றில் தண்ணீர் மேலே வந்தால் வாளிக்குக் கயிறு குறைவாகப் போதும். இதுவும் அப்படியே. குன்றுக்குள் தண்ணீர் ஏறினால் டேப்பில் எண் இறங்கும். தண்ணீர் இறங்கினால் எண் ஏறும். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் எல்லாரும் இந்த ஏறுதல் இறங்குதலில் ஒரு முறையாவது மாட்டிக்கொண்டு முழிப்பார்கள். அதனால் அக்கா அந்த இரண்டு வார்த்தைகளையுமே தொட மாட்டார். எண்ணைச் சொல்வார், போனை வைத்துவிடுவார். என் அறைச் சுவரில் அட்டை ஒன்று தொங்கும். மூன்றாம் குழாயில் பத்து மீட்டருக்கு மேல் இருந்தால் நிம்மதி. ஏழுக்குக் கீழே வந்தால் தெருவைப் பள்ளிக்கூடத்துக்கு மாற்று. ஐந்துக்குக் கீழே வந்தால் சைரனை அழுத்து, தெருவில் ஈ காக்கை இருக்கக் கூடாது. அட்டையைச் சிவப்பு மசியில் எழுதி மாட்டியவனே நான்தான். அதை நினைத்தால்தான் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

அந்த வருஷம் எட்டு நாள் விடாத மழை. மூன்றாம் குழாய் ஆறு எண்பதுக்கு வந்ததும் தெருவைக் காலி செய்து பள்ளிக்கூடத்தில் வைத்தோம். மூன்று நாள். முப்பத்து நான்கு பேருக்கு இரண்டு கழிப்பறை. ஆபீசருக்குப் போன் மேல் போன். அவர் பாவம், வயதில் சின்னவர், நல்ல மனுஷன், யார் குரல் உயர்த்தினாலும் முகம் வெளுத்துவிடும். நான்காவது நாள் காலையில் மழை பளிச்சென்று நின்றது. வெயில் அடித்தது. என் தங்கச்சி மட்டும் எட்டு மணியிலிருந்து மூன்று தடவை கூப்பிட்டுவிட்டாள்.

"அண்ணா, சின்னவன் தூங்கவே இல்லை. வெயில்தான் வந்துடுச்சே, இன்னும் எதுக்கு இங்க?"

"அக்கா மேல போயிருக்காங்க. சொன்னதும் நானே கூப்பிடறேன்."

"சீக்கிரம் கேளு அண்ணா. எல்லாரும் என்னைத்தான் பிடிச்சுத் திங்கறாங்க. உன் அண்ணன் ஆபீஸ்தானே, உன் அண்ணன் ஆபீஸ்தானேன்னு."

வெயில் வந்தால் போதும் என்று நினைப்பது தெருக்காரர்களின் அறியாமை. மேலே பெய்தது உள்ளே ஊறி இறங்க ஒரு நாள், இரண்டு நாள் ஆகும். மழை நின்ற பிறகுதான் குழாயில் வேடிக்கை நடக்கும். இது எனக்குத் தெரியும். ஆபீசருக்கும் தெரியும். படித்துப் பட்டம் வாங்கியதே அதில்தான்.

ஒன்பது இருபதுக்குப் போன் வந்தது. மேலே காற்று; அக்காவின் குரல் விட்டு விட்டுக் கேட்டது. மூச்சு வேறு வாங்கியது.

"தம்பி, எழுதிக்கோ. மூணாம் குழாய். நாலு பத்து."

"நாலு பத்து" என்று நான் சொல்லிக்கொண்டே எழுதினேன்.

"இறங்கிடுச்சு தம்பி. ஒரேடியா இறங்கிடுச்சு. சார்கிட்டச் சொல்லு."

"சரிக்கா, சொல்லிடறேன்."

"இப்பவே சொல்லு."

லைன் அறுந்துவிட்டது. சீட்டில் நான் எழுதியது இதுதான்: 'குழாய் 3. 4.10. இறங்கிவிட்டது. 9.20.' எழுதிவிட்டு நாற்காலியிலிருந்து எழாமலே குரல் கொடுத்தேன்.

"சார், மூணாம் குழாய் இறங்கிடுச்சாம். ஒரேடியா இறங்கிடுச்சாம்."

அடுத்த அறையில் ஆபீசர் நாற்காலியில் சாய்ந்து விட்ட மூச்சு எனக்குக் கேட்டது. "அப்பாடா" என்றார். எவ்வளவு என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அவர் பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டார். நான் என் தங்கச்சிக்குப் போட்டேன்.

"வீட்டுக்குப் போம்மா. தண்ணி இறங்கிடுச்சு."

"நிஜமாவா அண்ணா?"

"நான் சொல்றேன் இல்ல. போ."

சீட்டு என் முன்னால் மேஜை மேலேயே கிடந்தது. அட்டை என் தலைக்கு மேலே தொங்கியது. இரண்டுமே என் கையெழுத்து. இரண்டுக்கும் நடுவில் நான் உட்கார்ந்து டீ குடித்தேன். இதைச் சொல்ல எனக்கு நாக்கு கூசுகிறது. ஆனாலும் குடித்தேன். சர்க்கரை கொஞ்சம் கூடுதல் என்று, அதை வாங்கி வந்த ஜீப் டிரைவரிடம் குறைகூடச் சொன்னேன்.

மேலே அக்கா, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டோம் என்ற நினைப்பில், நான்காவது, ஐந்தாவது, ஆறாவது குழாய்களையும் அளந்தார். எல்லாமே அதே லட்சணம். சைரன் கேட்கவில்லையே என்று அவருக்குச் சந்தேகம் வரவில்லை. வர வேண்டிய காரணமும் இல்லை. அவருக்குத் தெரிந்தவரை தெரு மூன்று நாளாகக் காலி, ஆட்கள் பள்ளிக்கூடத்தில். குன்றடியில் கட்டிய தடுப்புச் சுவரில் நீர் கசிகிறதா என்று பார்த்துவிட்டுப் போகலாம் என்று டேப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருப்பக்கமாக இறங்கினார்.

இறங்கி வந்தவர் கண்ணில் முதலில் பட்டது கொடியில் காய்ந்துகொண்டிருந்த துணி. பிறகு ரேடியோ சத்தம். பிறகு தெருவில் பந்து விளையாடும் பிள்ளைகள். "எனக்கு ஒரு நிமிஷம் தெரு மாறி வந்துட்டோமோன்னு ஆயிடுச்சு" என்று பின்னால் சொன்னார். நீலக் கதவு திறந்திருந்தது. என் தங்கச்சி தரை துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, உள்ள வராதீங்க, கால்ல சேறு. இப்பதான் துடைச்சேன்" என்று சிரித்திருக்கிறாள்.

"யாரு உங்களை வரச் சொன்னது?"

"அண்ணாதான். தண்ணி இறங்கிடுச்சாமே."

அக்கா பேயறைந்தவர் போல நின்றார் என்று தங்கச்சி சொன்னாள். டேப்பு தோளிலிருந்து நழுவி ஈரத் தரையில் விழுந்தது. பித்தளைக் குண்டு ஈரத்தைத் தொட்டதும் 'பீப்' என்று கத்தத் தொடங்கியது. அதை எடுத்து அணைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. அந்தச் சத்தத்தோடுதான் எனக்குப் போன் வந்தது. பத்து முப்பத்தாறு.

"தம்பி, சீட்டு எங்க?"

"மேஜை மேலதான்க்கா. என்ன சத்தம் அது?"

"அதைப் படி."

"குழாய் மூணு. நாலு புள்ளி ஒண்ணு..."

"நல்லாப் படி."

"நாலு புள்ளி ஒண்ணு சைபர்."

"அஞ்சுக்குக் கீழ வந்தா என்ன செய்யணும்? தலைக்கு மேல பாரு."

நிமிர்ந்து பார்த்தேன். சிவப்பு எழுத்து தெரிந்தது, படிக்க முடியவில்லை. கண் போனதா, புத்தி போனதா தெரியாது. பக்கத்து அறையில் ஆபீசர் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டே நான் சிலை மாதிரி நின்றேன்.

"தம்பி, அழுத்து" என்றார் அக்கா. கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னார்.

அழுத்தினேன். சைரன் ஊளையிட்டது. ஆபீசர் ஓடி வந்தார். நான் எதுவும் சொல்லாமல் சீட்டை எடுத்து நீட்டினேன். அவர் வாங்கிப் படித்தார், அட்டையைப் பார்த்தார், மறுபடியும் சீட்டைப் படித்தார். அப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சீட்டைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு ஜீப்புக்கு ஓடினேன். டிரைவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் வண்டியை எடுத்தார்.

பதினோரு வீட்டின் கதவையும் அக்காவே தட்டியிருக்கிறார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தெருமுனையில் கூட்டமாக நின்றார்கள். அக்கா நடுவில் நின்று விரல் நீட்டி எண்ணிக்கொண்டிருந்தார். முப்பத்து மூன்று. மறுபடியும் எண்ணினார். முப்பத்து மூன்று. தங்கச்சி நின்றாள், கையில் தரை துடைக்கும் கட்டை. பெரியவள் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சின்னவனைக் காணோம்.

நான் தெருவுக்குள் ஓட எத்தனித்தேன். அக்கா என் சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்து இழுத்தார். ஐம்பத்தேழு வயது உடம்பில் அவ்வளவு பலம் எங்கே இருந்தது என்று தெரியவில்லை. "முதுகைப் பாரு" என்றார். யார் முதுகை என்று எனக்குப் புரியவில்லை. தங்கச்சியின் முதுகில், துணியால் இழுத்துக் கட்டிய பையன், மூன்று நாள் தூக்கத்தையும் சேர்த்துத் தூங்கிக்கொண்டிருந்தான். "முப்பத்தி நாலு" என்றார் அக்கா. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பத்து அம்பத்திரண்டு."

பதினொன்று ஏழுக்குக் குன்று வந்தது.

இடி மாதிரி வரும் என்று நினைத்திருந்தேன். இல்லை. முதலில் மேலே ஒரு மரம் நின்றபடியே நகர்ந்தது. நின்றபடியே என்றால் நின்றபடியேதான், சாயவில்லை. அதைப் பார்த்து ஒரு பிள்ளை சிரித்தது. பிறகு தடுப்புச் சுவர் வயிறு தள்ளியது. அதன் பிறகு நான் பார்த்ததைச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. கொடியில் கிடந்த துணி அப்படியே துணியாகவே உள்ளே போனது. கொஞ்ச நேரம் கழித்து எல்லாம் நின்றபோது சேற்றின் மேல் நீலக் கதவு மட்டும் மல்லாந்து கிடந்தது. யாரும் அழவில்லை.

தங்கச்சிதான் முதலில் வாயைத் திறந்தாள். பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள், கோபமாகக்கூட இல்லை, கணக்கு ஒப்பிப்பது போல: "பதினஞ்சு நிமிஷம். அண்ணா சொன்னான், அதான் வந்தேன்."

பையில் இருந்த சீட்டு என் நெஞ்சைச் சுட்டது. அன்றும் மறுநாளும் அதைக் கிழித்துப் போட்டுவிடலாம் என்று எத்தனை தடவை நினைத்தேன் என்று கணக்கில்லை. அந்த எண் மட்டும் அதில் இல்லாதிருந்தால் பழி முழுக்க அக்கா சொன்ன வார்த்தையின் மேல் போய்விடும். அக்காவுக்கு ஓய்வு பெற இரண்டே மாதம். இப்படியெல்லாம் யோசித்தேன். யோசித்தேன் என்று ஒளிக்காமல் சொல்கிறேன்.

ஒரு வாரம் கழித்துத் தலைமை அலுவலகத்திலிருந்து இருவர் விசாரணைக்கு வந்தார்கள். என் அறையிலேயே, அந்த அட்டைக்குக் கீழேயே மேஜை போட்டு உட்கார்ந்தார்கள். அக்காவிடம் முதல் கேள்வி: "இறங்கிடுச்சுன்னு சொன்னீங்களா?"

"சொன்னேன் சார்."

"அளவைத் தவிர வேற எதுவும் சொல்லக் கூடாதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"இங்க வர்றவங்களுக்கெல்லாம் அதைச் சொல்றதே நான்தான் சார்."

"அப்புறம் ஏம்மா சொன்னீங்க?"

அக்கா டேப்பின் கைப்பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் இவ்வளவு நீளமாகப் பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"அந்தக் குழாய்ல நாலுன்னு நான் பார்த்ததே இல்லை சார். பீப்புன்னு கத்தினதும் தப்பா இருக்கும்னு மறுபடி விட்டேன். மறுபடியும் நாலு. வெறும் நம்பரை மட்டும் சொன்னா இவங்க எழுதி வச்சுட்டு டீ குடிக்கப் போயிடுவாங்களோன்னு பயமா இருந்துச்சு. அழுத்திச் சொல்லணும், உடனே எழுந்து ஓடணும்னு நினைச்சேன். அதான் இறங்கிடுச்சுன்னு சொன்னேன். எனக்கு அதைவிடப் பயமான வார்த்தை தெரியாது சார்."

விசாரிக்க வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் நிறுத்தியிருந்தால், நாலு பத்தோடு போனை வைத்திருந்தால், நான் வழக்கம் போல நிமிர்ந்து அட்டையைப் பார்த்திருப்பேன். நான் அசட்டையாக இருந்துவிடக் கூடாதே என்று அவர் சேர்த்துச் சொன்ன அந்த ஒரு வார்த்தைதான் எனக்கு நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தது. எனக்குப் பிடித்த மாதிரி கேட்டுக்கொண்டேன். எண்ணைக் கையால் எழுதினேன், வார்த்தையை மட்டும் காதில் வாங்கினேன்.

பையிலிருந்து சீட்டை எடுத்து மேஜையில் வைத்தேன். வியர்வையில் மசி கொஞ்சம் பரவியிருந்தது. 4.10 நன்றாகவே தெரிந்தது.

"இது யார் கையெழுத்து?"

"என்னோடது சார். அக்கா சரியாத்தான் சொன்னாங்க. நான் எழுதினேன், படிக்கலை."

எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. ஆபீசரை வேறு கிளைக்கு மாற்றினார்கள். போனில் எண்ணை மட்டுமே சொல்ல வேண்டும், கேட்டவர் அதை அட்டையோடு சேர்த்துத் திருப்பிப் படிக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. ரிப்பேர் லெட்டருக்குப் பதில் மட்டும் வரவில்லை. அக்கா இரண்டு மாதம் கழித்து ஓய்வு பெற்றார். போகிற அன்று டேப்பை என் மேஜையில் வைத்துவிட்டு, "நூறு மீட்டர், ரெண்டு பேட்டரி" என்றார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "முப்பத்தி நாலு, தம்பி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதை ஆறுதலாக எடுத்துக்கொள்வதா, எச்சரிக்கையாக எடுத்துக்கொள்வதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

தங்கச்சியும் பிள்ளைகளும் இப்போது எங்கள் வீட்டில்தான் இருக்கிறார்கள். அவள் என்னோடு பேசாமல் இல்லை. திட்டியதும் இல்லை. பழையபடி சிரிக்கிறாள், சண்டை போடுகிறாள். போன வாரம் சின்னவனுக்குக் காய்ச்சல். மத்தியானம் அவனை மடியில் போட்டு நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன். வியர்த்து, குளிர்ந்திருந்தது.

"ஜுரம் இறங்கிடுச்சும்மா" என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. அவளும் அடுப்படியில் அப்படியே நின்றாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அலமாரியிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்து, என் மடியிலேயே அவன் அக்குளில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம்.

"நம்பிக்கை இல்லையாம்மா?" என்று கேட்டுவிட்டேன்.

"நீ சொன்னா நம்பிடுவேன் அண்ணா" என்றாள். "அதான் பார்க்கிறேன்."